ஹைபிரிட் பிக்கப் வாங்கினால் காசு மிச்சமா? உங்கள் பிரேக்கைக் கேளுங்கள்

நண்பர் ஒருவருடைய ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட்டில், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் பிக்கப்பில், ஒருநாள் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் ஒரு எண் வந்து போனது. 94%, 100%, முன்னால் போன கார் சட்டென்று நின்றபோது மட்டும் 61%. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகத்தில் இருந்த ஆற்றலை எவ்வளவு நன்றாகப் பேட்டரிக்குத் திருப்பினோம் என்பதற்கான மதிப்பெண் அது. அதைப் பார்த்துப் பார்த்தே, சிக்னல் தூரத்தில் தெரியும்போதே மெதுவாகக் காலை வைக்க அவர் பழகியிருந்தார். அப்புறம் ஹைவேயில் ஏறினோம். அடுத்த நாற்பது நிமிடம் அந்த எண் வரவே இல்லை.

பெட்ரோல் பிக்கப்பைவிட ஹைபிரிட் பிக்கப்பில் காசு மிச்சமாகுமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த நாற்பது நிமிடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஹைபிரிட் வண்டி மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் நீங்கள் பிரேக் பிடிக்கும் இடத்திலும், வண்டி சும்மா நிற்கும் இடத்திலும்தான். வருடத்துக்கு எத்தனை மைல் ஓட்டுகிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள், ஆனால் அந்த மைல்களில் எத்தனை முறை நின்று புறப்படுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஆளோடு சேர்த்து மேவரிக்கின் எடை சுமார் 1,750 கிலோ. அது மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 0.044 கிலோவாட் மணி, கரன்ட் பில்லில் வருகிற அதே யூனிட்டில் 0.044. ரொம்பச் சின்னதாகத் தெரிகிறதா? அந்த வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவர இன்ஜின் எரித்த பெட்ரோலைப் பாருங்கள். ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோலில் 33.7 யூனிட் ஆற்றல் இருக்கிறது, ஊருக்குள் ஓடும்போது இன்ஜின் அதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நின்று புறப்பட்டு 30 மைல் வேகத்தைத் தொட சுமார் 20 மில்லி பெட்ரோல் போகிறது. நாலு டீஸ்பூன். அடுத்த சிக்னலில் பிரேக்கை அழுத்தினால், சாதாரண வண்டியில் அந்த நாலு டீஸ்பூனின் உழைப்பு முழுவதும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஒரு நாளைக்கு 50 முறை நின்று புறப்படுகிறவர் இப்படியே ஒரு லிட்டரைத் தொலைக்கிறார்.

ஹைபிரிட்டில் பிரேக்கைத் தொட்டதும் முதலில் வேலை செய்வது பிரேக் பேட் இல்லை, மின்மோட்டார். சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தயாரிக்கிறது. அந்த வேலைக்குச் செலவாகும் ஆற்றல் வண்டியின் வேகத்திலிருந்தே எடுக்கப்படுவதால் வண்டி மெதுவாகிறது. போகிற வழியில் காற்றும் டயரும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும், பேட்டரிக்குள் போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் வீணாகும், இருந்தாலும் ஏறக்குறைய பாதி கைக்கு வந்துவிடும். மேவரிக்கின் பேட்டரி வெறும் 1.1 யூனிட்தான், ஒரு மின்சாரக் காரின் பேட்டரியோடு ஒப்பிட்டால் கைப்பிடி அளவு. ஆனால் மேலே சொன்ன மாதிரி நிறுத்தங்கள் இருபத்தைந்தின் முழு ஆற்றலும் அதில் அடங்கும். ஊருக்குள் ஓட்ட அது தாராளம். மலை இறக்கத்தில் கதை வேறு, 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது அந்த எடைக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல் 1.4 யூனிட்டுக்கு மேல் இருப்பதால் பேட்டரி பாதி வழியிலேயே நிரம்பி, மீதியை வேறு வழியில்லாமல் இன்ஜினும் பிரேக் பேடும் வாங்கிக்கொள்ளும்.

இதோடு சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடும், நகரும்போது மோட்டாரே வண்டியை மெல்ல இழுத்துக்கொண்டு போகும், பெட்ரோல் இன்ஜின் மிக மோசமாக வேலை செய்யும் அந்தக் குறைந்த வேகத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் பலர் கவனிக்காமல் விடுவது இன்ஜினைத்தான். மேவரிக் ஹைபிரிட்டில் இருக்கும் 2.5 லிட்டர் இன்ஜின் அட்கின்சன் முறையில் இயங்குவது, 1882-இல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கொண்டுவந்த யோசனையின் இன்றைய வடிவம். உள்ளிழுக்கும் வால்வைக் கொஞ்சம் தாமதமாக மூடுவார்கள். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருப்பதால் உள்ளே வந்ததில் கொஞ்சம் திரும்ப வெளியே போய்விடும், ஆக அழுத்துவது கொஞ்ச தூரம், எரிந்து விரிவது அதைவிட நீண்ட தூரம். எரிந்த வாயுவிடமிருந்து கடைசிச் சொட்டு வரை வேலை வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு விலை, குறைந்த சுழற்சியில் இழுவை குறைந்துபோகும், அந்த இன்ஜினை மட்டும் தனியாக ஒரு பிக்கப்பில் வைத்தால் புறப்படும்போது திணறும். அந்த இடத்தில்தான் மின்மோட்டார் கைகொடுக்கிறது, ஏனென்றால் மோட்டாருக்கு முழு இழுவையும் நின்ற இடத்திலிருந்தே கிடைக்கும். ஒருவர் குறையை இன்னொருவர் நிரப்புகிற இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹைவேயிலும் ஹைபிரிட் கொஞ்சமாவது முந்தி நிற்பதற்கு இந்த இன்ஜின் ஒரு முக்கியமான காரணம்.

சரி, காசுக்கு வருவோம். 2022-இல் மேவரிக் வந்தபோது ஹைபிரிட்தான் அடிப்படை மாடல், 19,995 டாலரில் ஆரம்பித்தது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் வேண்டுமென்றால்தான் மேலே 1,085 டாலர் கொடுக்கவேண்டும். அன்று யோசிக்கவே ஒன்றும் இல்லை. 2024 மாடலில் அது தலைகீழானது, டர்போ அடிப்படை மாடலாகி, ஹைபிரிட்டுக்கு 1,500 டாலர் கூடுதல் என்று ஆனது. கீழே வரும் கணக்கு அந்த விலையை வைத்துத்தான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ அந்த மாடலுக்குக் கொடுத்த மைலேஜ், ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்ற கணக்கில், இது: ஹைபிரிட் ஊருக்குள் 42, ஹைவேயில் 33, சேர்த்து 37. முன்சக்கர இயக்க டர்போ ஊருக்குள் 23, ஹைவேயில் 30, சேர்த்து 26. சேர்த்து என்பது 55 சதவீதம் ஊருக்குள், 45 சதவீதம் ஹைவே என்ற கலவை. வருடம் 15,000 மைல், கேலன் 3 டாலர் என்று வைத்தால் ஹைபிரிட்டுக்கு 405 கேலன், டர்போவுக்கு 577 கேலன். 172 கேலன் மிச்சம், சுமார் 515 டாலர். 1,500 டாலர் மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். கேலன் நாலரை டாலர் விற்கும் இடமென்றால் இரண்டே வருடம்.

இப்போது அதே 15,000 மைலை முழுக்க ஊருக்குள் ஓட்டுங்கள். 295 கேலன் மிச்சம், 885 டாலர். முழுக்க ஹைவேயில் ஓட்டுங்கள். 45 கேலன், சுமார் 136 டாலர்தான். போட்ட காசு திரும்பப் பதினோரு வருடம். வண்டி அதே வண்டி, மைலும் அதே மைல். மணிக்கு 70 மைலில் போகும்போது சக்கரத்துக்கு வந்து சேரும் ஆற்றலில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே போகிறது, கிழித்த காற்றிடமிருந்து எந்த மோட்டாரும் எதையும் திருப்பி வாங்க முடியாது.

கடனில் வாங்குகிறவர்கள் கணக்கை இன்னொரு மாதிரி போடவேண்டும். கூடுதல் 1,500 டாலரை 7 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணையில் சுமார் 30 டாலர் ஏறும். கலந்து ஓட்டுகிறவருக்கு மாதம் 43 டாலர் பெட்ரோலில் குறைவதால் முதல் மாதத்திலிருந்தே கையில் 13 டாலர் நிற்கிறது, மூன்று வருடம் காத்திருக்கத் தேவையே இல்லை. ஹைவேக்காரருக்கு மாதம் 11 டாலர்தான் குறைகிறது, அவர் ஐந்து வருடமும் கையிலிருந்து போட்டுக்கொண்டிருப்பார்.

மைலேஜ் எண்களை வைத்து ஒப்பிடும்போது நாம் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. 30-லிருந்து 40-க்கு ஏறுவது பெரியதா, 10-லிருந்து 12-க்கு ஏறுவது பெரியதா? 12,000 மைலுக்குக் கணக்குப் போட்டால் முதலாவதில் 100 கேலன் மிச்சம், இரண்டாவதில் 200 கேலன். டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் சயன்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். 2013 மாடலிலிருந்து அமெரிக்காவில் புது வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் போடப்படுகிறது. வாங்கப்போகும்போது அந்த எண்ணைத்தான் பாருங்கள்.

அதனால்தான் பெரிய பிக்கப்புகளில் நாலு மைல் வித்தியாசம் என்று சொன்னால் அலட்சியமாகக் கடந்துபோகக் கூடாது. ஃபோர்டின் பெரிய பிக்கப்பான 2021 எஃப்-150-இல், பவர்பூஸ்ட் என்ற நாலுசக்கர இயக்க ஹைபிரிட்டுக்கு 24, அதே 3.5 லிட்டர் டர்போ இன்ஜின் மட்டும் இருக்கும் வண்டிக்கு 20. அதே 15,000 மைலுக்கு வருடம் 125 கேலன் மிச்சம், 3 டாலர் விலையில் 375 டாலர். பிரச்சினை கூடுதல் விலையில் இருக்கிறது, எந்த மாடல், எந்த இன்ஜினோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். 3,000 டாலர் என்று வையுங்கள், எட்டு வருடம் ஆகிவிடும். டொயோட்டா டன்ட்ராவில் வித்தியாசம் இன்னும் சின்னது, பின்சக்கர இயக்க வண்டியில் ஹைபிரிட் 22, பெட்ரோல் 20. அங்கே மோட்டாரை வைத்ததே பலத்துக்காக, 389 குதிரைத்திறன் 437 ஆகிறது. பலம் வேண்டுமென்று வாங்குகிறவர் தாராளமாக வாங்கலாம், பெட்ரோல் மிச்சமாகும் என்று வாங்குகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர்பூஸ்டின் பேட்டரி 1.5 யூனிட், மோட்டார் 35 கிலோவாட். மோட்டார் முழு மூச்சோடு உழைத்தால் பேட்டரி மூன்று நிமிடம்கூடத் தாங்காது. நீண்ட ஏற்றத்தில் படகையோ குதிரை டிரெய்லரையோ இழுத்துக்கொண்டு ஏறும்போது, முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு வேலை முழுவதும் பெட்ரோல் இன்ஜின் தலையில்தான் விழும்.

பராமரிப்பில் மேவரிக் மாதிரி வண்டிக்கு உண்மையான லாபம் இருக்கிறது. அதில் கியர் மாற்றும் பெட்டி கிடையாது, ஒரு கிரகப் பல்சக்கரத் தொகுதியும் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பு) இரண்டு மோட்டார்களும் சேர்ந்து வேகத்தைப் பிரித்துக்கொள்கின்றன. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, கெட்டுப்போக அவ்வளவு சாமான் குறைவு. பிரேக் பேடும் நீண்ட நாள் வரும், பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் பகுதியென்றால் மட்டும் அதிகம் பயன்படாத பிரேக் தட்டில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எஃப்-150, டன்ட்ரா இரண்டுக்கும் இந்த எளிமை கிடையாது, வழக்கமான பத்து கியர் பெட்டி அப்படியே இருக்க, கூடவே ஒரு மோட்டாரைச் சேர்த்திருக்கிறார்கள்.

பேட்டரி செத்துப்போனால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது, மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் ஃபோர்டு 8 வருடம் அல்லது 1,00,000 மைல், டொயோட்டா 10 வருடம் அல்லது 1,50,000 மைல் வாரண்டி தருகின்றன, இந்தப் பேட்டரிகள் முழுக்க நிரம்பவும் முழுக்கக் காலியாகவும் விடப்படுவதில்லை என்பதால் ஆயுளும் அதிகம். இன்னொரு செலவு பலருக்குப் பதிவு புதுப்பிக்கும் நாளில்தான் தெரியவரும். சாலைக்கான பணம் பெட்ரோல் வரியிலிருந்து வருவதால், குறைவாகப் பெட்ரோல் போடுகிற ஹைபிரிட்டிடம் சில மாநிலங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. ஒஹாயோவில் 2020 முதல் வருடத்துக்கு 100 டாலர். மேலே பார்த்த ஹைவேக்காரரின் 136 டாலரில் இதைக் கழித்தால் 36 டாலர்.

பெட்ரோல் கணக்கில் வராத லாபமும் ஒன்று இருக்கிறது. பவர்பூஸ்டில் 2.4 கிலோவாட் மின்சாரம் கொடுக்கும் பிளக் பாயின்ட்டுகள் வண்டியோடே வரும், கூடுதல் காசுக்கு 7.2 கிலோவாட் கிடைக்கும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் குளிரில் உறைந்து மின்சாரம் போனபோது சிலர் தங்கள் டிரக்கிலிருந்தே வீட்டுக்கு ஒயர் இழுத்து ஹீட்டர் ஓட்டினார்கள், கையிருப்பில் இருக்கும் இந்த வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுக்கும்படி டீலர்களை ஃபோர்டே கேட்டுக்கொண்டது. எப்படியும் ஒரு ஜெனரேட்டர் வாங்கப்போகிறவர் அந்த விலையைத் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம், கணக்கே மாறிவிடும்.

உங்கள் ஓட்டம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள இப்போது ஓட்டுகிற வண்டியே போதும். டிரிப் மீட்டரை அழித்துவிட்டு ஒரு மாதம் வழக்கம்போல் ஓட்டுங்கள், அப்புறம் சராசரி வேகம் எவ்வளவு என்று பாருங்கள். நின்று நின்று போகிறவருடைய சராசரி தானாகவே கீழே வந்துவிடும், சிக்னலில் காத்திருந்த நேரமும் அதற்குள் அடங்கிவிடும். என் நண்பருக்கு மணிக்கு 23 மைல் காட்டியது, அவருக்கு ஹைபிரிட்டைத் தவிர வேறு எதையும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அவருடைய அண்ணன் 2024-இல் மேவரிக் பார்க்கப் போனபோது இதே மாதிரி தன் பழைய வண்டியில் அளந்துகொண்டு போனார், 57 காட்டியிருந்தது. அவர் டர்போவையே எடுத்துக்கொண்டு, மிச்சமான 1,500 டாலரில் ஒரு பகுதியை 4,000 பவுண்டு இழுக்கும் டோயிங் பேக்கேஜுக்குப் போட்டார்.