வாங்கி நிரலகம்

நிரலாக்கத்தில் வரும் 'கிளையன்ட் லைப்ரரி' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வாடிக்கையாளர் நூலகம்' என்றாகும். அங்கே வாடிக்கையாளரும் இல்லை, நூலும் இல்லை.

ஜென்கின்ஸ் போன்ற தொடர் ஒருங்கிணைப்புச் சேவையை எடுத்துக்கொள்வோம். யாராவது நிரலில் ஒரு மாற்றத்தைச் சேர்த்ததும் அது தானாகவே பில்டு செய்து, அதாவது நிரலை இயங்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்து, சோதித்துவிடும். 'கடைசி பில்டு தேறியதா?' என்று இன்னொரு நிரல் அதனிடம் கேட்க ஏபிஐ என்ற வாசல் இருக்கிறது. ஆனால் கேட்பதற்குள் எத்தனை எடுபிடி வேலை! முகவரியைப் பிசகாமல் அமைக்க வேண்டும், அனுமதிச் சீட்டான டோக்கனை இணைக்க வேண்டும், ஜேசன் என்ற தரவு வடிவில் வரும் பதிலைப் பிரித்துப் படிக்க வேண்டும், பதில் பல பக்கமாக வந்தால் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் தன்னுள் அடக்கி, நமக்கு ஒரே வரி அழைப்பாகத் தரும் சிறு நிரல்தொகுப்புக்குத்தான் 'கிளையன்ட் லைப்ரரி' என்று பெயர்.

லைப்ரரியின் வேர் லத்தீனில் 'லிபெர்'. மரத்தின் உட்பட்டை என்பது முதற்பொருள், பிறகு புத்தகம். நம் 'ஏடு' ஓலையிலிருந்து புத்தகத்துக்கு வந்த அதே வழி. கணினிக்கு இந்தச் சொல் வந்தது வெறும் உவமையாக அல்ல. 1949-இல் இயங்கத் தொடங்கிய கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்கான துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களாக அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்வார். அந்தக் கணினியில் பணியாற்றிய வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-இல் எழுதிய நூல் இந்தத் தொகுப்பைத்தான் விளக்குகிறது.

இன்று அலமாரி போய்விட்டது. 'நிரலகம்' என்பதே பொருந்தும். நிரல் என்றால் வரிசை. 'நிரல்நிறை' என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே நிரல். கட்டளைகளின் வரிசைக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. 'நூலகம்' என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: நிரலாக்கத்தில் 'த்ரெட்' (நூலிழை) என்று வேறொன்று இருப்பதால், நூல் என்றதும் மனம் அங்கே போய்விடும்.

கிளையன்ட், பழைய ரோமில் செல்வர் ஒருவரை அண்டி வாழ்ந்தவர். சர்வரைத் தமிழில் 'வழங்கி' என்கிறோம். அதனிடம் கேட்டுப் பெறுவது 'வாங்கி'. இரண்டும் சேர்ந்தால் வாங்கி நிரலகம்.

சிலர் இதையே 'ரேப்பர்' என்பார்கள். அதற்கு 'உறை' போதும். ஏபிஐ-யை மட்டும் பேச்சில் அப்படியே விட்டுவிடலாம். 'பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம்' என்று சொல்லி முடிப்பதற்குள் பில்டே முடிந்துவிடும்.