டீம்ல ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, ஆனா சொல்லல

வாளையாறுக்கு இந்தப் பக்கம் கோயமுத்தூர், அந்தப் பக்கம் கேரளாவுல கஞ்சிக்கோடு, ரெண்டு பக்கமும் குடோன், ஷெட்டுன்னு பேசி முடிச்சுக் குடுக்கறதுதான் எங்க தொழில். ரோடு ஒண்ணுதான், ஆனா பேப்பர் மொத்தமா வேற. புதுசா இந்த ஃபீல்டுக்கு வர்றவங்களுக்காக இதை எழுதறேன், முக்கியமா டீம் வெச்சு நடத்தறவங்களுக்கு.

மூணு வருஷம் முன்னாடி ஒரு கம்பெனிக்கு கஞ்சிக்கோடு பக்கம் 2 ஏக்கர் வேணும்னு வந்தாங்க, குடோன் கட்டி வாடகைக்கு விடற ஓனரா பாக்கச் சொன்னாங்க. பார்ட்டியக் கொண்டு வந்தது எங்க சீனியர், சைட் புடிச்சது இன்னொருத்தர். இவரு பார்ட்டி நம்பரைக் குடுக்கல, அவரு ஓனர் பேரைக்கூடச் சொல்லல. கமிஷன் கைய விட்டுப் போயிரும்னு ரெண்டு பேருக்கும் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் நான்தான், யாருக்கு எவ்வளவுங்கறத டீல் முடிஞ்ச பின்னாடிதான் நான் சொல்லுவேன்.

சைட்ல மண்ணு கொட்டி மட்டம் பண்ணித் தென்னை வெச்சிருந்தாங்க, பாத்தா சந்தேகமே வராது. வில்லேஜ் ஆபீஸ் பேப்பர்ல வகைங்கற இடத்துல மலையாளத்துல 'நிலம்'னு இருந்துச்சு, நிலம்னா நிலம்தானேன்னு விட்டுட்டோம். கேரளா ரெவின்யூ கணக்குல நிலம்னா நெல்லு வயல்ங்க, வீடு கட்டற மாதிரி மேட்டு இடத்துக்குப் புரயிடம்னு பேரு. 2008 நெல்வயல் சட்டப்படி அந்த சர்வே நம்பர் டேட்டா பேங்க்ல, அதாவது நெல்லு வயல், ஈர நிலம் லிஸ்ட்ல இருந்தா ஃபார்ம் 5 போட்டு முதல்ல அதுல இருந்து எடுக்கணும், டேட்டா பேங்க்ல இல்லாட்டியும் தன்மை மாத்தறதுக்கு ரெவின்யூ அதிகாரி ஆர்டர் வேணும், அதெல்லாம் இல்லாம பஞ்சாயத்துல பில்டிங் பெர்மிட் கேட்டா கிடைக்காது. எங்களுக்கும் கிடைக்கல. கம்பெனி வேற இடம் போயிருச்சு, குடுத்த டோக்கன் அட்வான்ஸ் திரும்பி வர்றதுக்கே நாலு மாசம் ஆச்சு.

இதை விட எனக்கு வலிச்சது வேற. எங்ககிட்ட கொழிஞ்சாம்பாறைப் பையன் ஒருத்தன் இருந்தான், ஸ்கூல்ல மலையாளம் படிச்சவன். குரூப்ல அந்தப் பேப்பர் போட்டோ வந்த அன்னைக்கே பாத்திருக்கான். ஏன்டா சொல்லலன்னு கேட்டேன். "அது அண்ணனோட பார்ட்டிங்க சார், நடுவுல பேசினா டீலக் கெடுக்கறான்னு சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்" அப்படின்னான்.

அதுக்கப்புறம் ரெண்டு விஷயம் மாத்தினேன். கமிஷன்ல நூத்துக்கு பார்ட்டி கொண்டு வந்தவருக்கு 40, சைட் கொண்டு வந்தவருக்கு 40, பேப்பர் பாக்கறவங்களுக்கு 20ன்னு முதல் நாளே குரூப்ல எழுதிப் போட்டர்றோம், டீல் யாரோடதா இருந்தாலும் இதே கணக்கு. பேப்பர் பாக்கறதுக்கும் பங்கு இருக்குன்னு ஆன பின்னாடிதான் குறை சொல்ல வாய் திறக்கறாங்க, அதுவரைக்கும் நான் எத்தனை மீட்டிங்ல "தைரியமாச் சொல்லுங்க"ன்னு சொல்லியும் ஒருத்தரும் பேசல. இன்னொண்ணு, சைட் விசிட்டுக்கு முன்னாடி வயசுல சின்னவங்கதான் முதல்ல பேசணும், நான் கடைசி. நான் முதல்ல பேசினா எல்லாரும் ஆமாம்னு தலையாட்டிட்டுக் கெளம்பிருவாங்க.

போன மாசம் சீனியர் ஒரு சைட் கொண்டு வந்தாரு, பார்ட்டி ரெடி, அடுத்த நாள் காலைல விசிட். "அண்ணா, டேட்டா பேங்க் பாத்தாச்சா?"ன்னு எல்லார் முன்னாடியும் அந்தப் பையன் கேட்டான். விசிட்டத் தள்ளி வெச்சுட்டு, மறுநாள் காலைல சீனியரே அவனைத் தன் வண்டில ஏத்திக்கிட்டு, டேட்டா பேங்க் பாக்கக் கிருஷி பவன், அதான் கேரளா விவசாய ஆபீஸ், போனாரு.