நான்காயிரம் உள்ளீடுகள் ஐந்தாகச் சுருங்குவது எப்படி?

0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றித் தரும் 74ஹெச்சி04 லாஜிக் சிப்பின் வெளியீட்டுக் கால் 4 மில்லிஆம்பியர் தரும்போது, அதே குடும்பத்துச் சிப்பின் உள்ளீட்டுக் கால் அதிகபட்சம் 1 மைக்ரோஆம்பியரே எடுத்துக்கொள்வதால், ஒரு வெளியீட்டில் 4,000 உள்ளீடுகளை இணைக்கலாமா என்று பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். வகுத்தலில் பிழையில்லை, ஆனால் அது சிக்னல் மாறாமல் நிற்கும்போது மட்டுமே பொருந்தும் கணக்கு.

இந்தக் குடும்பம் சீமாஸ் வகை, அதாவது பிமாஸ், என்மாஸ் என்ற எதிரெதிர் வகை டிரான்சிஸ்டர்களை ஜோடியாகக் கொண்டது. சீமாஸ் உள்ளீடு என்பது மெல்லிய ஆக்சைடு படலத்தால் காப்பிடப்பட்ட டிரான்சிஸ்டரின் கேட் (அதை இயக்கும் முனை) ஆகையால், அது ஒரு குட்டி மின்தேக்கிதான். சிக்னல் மாறும் ஒவ்வொரு முறையும் வெளியீடு அதை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். அதன் மின்தேக்குத்திறன் பொதுவாக 3 பிகோஃபாரட் அளவிலும், மோசமான நிலையில் 10 வரையிலும் இருக்கும். டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாளில்) உள்ள தாமத அளவுகள், அதாவது உள்ளீடு மாறியபின் வெளியீடு மாற ஆகும் நேரங்கள், பெரும்பாலும் 50 பிகோஃபாரட் சுமையில் எடுக்கப்பட்டவை. மோசமான நிலையில் ஐந்து உள்ளீடுகளிலேயே அந்த 50 நிரம்பிவிடும். ஆறாவதை இணைத்தால் சிப் கெட்டுவிடாது. அச்சிட்ட தாமதத்தை மட்டும் இனி நம்ப முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. வெளியீடு 5 வோல்ட்டுக்கு உயரும்போது, மேலே உள்ள பிமாஸ் டிரான்சிஸ்டர் ஏறத்தாழ 50 ஓம் மின்தடைபோல நின்று சுமையை மின்னேற்றுகிறது. அப்போது மின்வழங்கி தரும் ஆற்றலில் சரிபாதி மட்டுமே மின்தேக்கியில் சேர்கிறது. மறுபாதி அந்த டிரான்சிஸ்டரில் வெப்பமாகிறது. மின்தடையைக் குறைத்தால் இழப்பு குறையும் என்று தோன்றும். ஆனால் மின்தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடி, நேரம் சுருங்குவதால், வீணாகும் ஆற்றல் இம்மியும் மாறுவதில்லை. சிக்னல் இறங்கும்போது, சேர்த்துவைத்த பாதியும் கீழேயுள்ள என்மாஸ் டிரான்சிஸ்டரில் எரிந்துபோகிறது. இப்படி 50 பிகோஃபாரட்டை 5 வோல்ட்டில், நொடிக்கு ஒரு கோடி முறை ஏற்றி இறக்கினால், அந்த ஒரு காலுக்கு மட்டும் 12.5 மில்லிவாட் செலவாகும்.

சிக்னலில் இரைச்சல் தெரிந்தவுடன் வெளியீட்டுக் காலிலேயே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பற்றவைக்கும் வழக்கத்தை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். மின்வழங்கிக் காலுக்கு அருகில் இருக்கவேண்டிய அந்த மின்தேக்கி, வெளியீட்டில் அமர்ந்தால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் காலின் உச்சவரம்பான 25 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிக்னல் உயர 10 மைக்ரோநொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 4.5 வோல்ட்டில் அடுத்த சிப் பொறுத்துக்கொள்வதோ 500 நானோநொடி மட்டுமே. நடுவழி மின்னழுத்தத்தில் அதன் இரு டிரான்சிஸ்டர்களும் ஒருசேரக் கடத்த, வெளியீடு பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே தடுமாறும். மெதுவான சிக்னல் தவிர்க்கமுடியாத இடங்களுக்கென்றே ஷ்மிட் டிரிகர் உள்ளீடு (ஏறும்போது ஒரு மின்னழுத்தத்திலும் இறங்கும்போது அதைவிடக் குறைந்த ஒன்றிலும் மாறுவது) கொண்ட 74ஹெச்சி14 இருக்கிறது.

மாணவருக்கு என் பரிந்துரை: உள்ளீடுகள் பல இருந்தால், எட்டு பஃபர்கள் (சிக்னலை மாற்றாமல் வலுவாக்கித் தருபவை) கொண்ட 74ஹெச்சி244 சிப்பை இடையில் வைத்துச் சுமையைப் பிரித்துவிடுங்கள், பஃபர்களின் உள்ளீடுகளும் சுமைதான் என்பதால் ஐந்து பஃபர்களை மட்டும் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து என்று வைத்தாலும் இருபத்தைந்து உள்ளீடுகளுக்கு அது போதும்.