எக்ஸ்ரேயில் தெரியாத பிடரி உளைவு

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிடரி உளைவு, தலையிடி, நாரிப்பிடிப்பு என்று மருத்துவரிடம் செல்வோரில் சிலருக்கு எக்ஸ்ரேயில் எந்தக் குறையும் தென்படுவதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயோ, நுண்கடன் தவணையால் நித்திரை இழந்த பெண்ணோ அவ்வாறு வரும்போது, வருத்தம் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவது அறிவியலுக்குப் பொருந்தாது. ஏனெனில் அந்த நோவு கற்பனையன்று.

மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலா ஆபத்தை உணர்ந்ததும், ஹைப்போதலமஸ் என்னும் மூளைப்பகுதியின் வழியாக, உடலை உசுப்பும் பரிவு நரம்புத்தொகுதி முடுக்கப்பட்டு அட்ரினலின் குருதியில் கலக்கிறது. சற்றுப் பிந்திக் கோட்டிசோல் என்னும் அழுத்த ஓமோனும் உயர்கிறது. எதிர்க்கவோ ஓடவோ உடல் இப்படி ஆயத்தமாவதை அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்டர் கனன் 1915இல் விளக்கினார். போர்க்காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) பாய்ந்தவர்களுக்கு, தோள் உயர்ந்து, கழுத்து உள்ளொடுங்கி, தாடை இறுகும் அந்த நிலையை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆபத்து நீங்கினால் தசை தளரும். கடனோ காத்திருப்போ அப்படி நீங்குவதில்லை.

மெல்லிய தசைச் சுருக்கத்துக்குச் சிறிய இயக்க அலகுகளே (ஒரு நரம்புக்கலமும் அது இயக்கும் தசைநார்களும்) முதலில் தூண்டப்படுகின்றன. ஓய்வு பெறுவதிலும் அவையே கடைசி. ஆகவே கையை மடியில் வைத்துச் சும்மா இருக்கும்போதும், மனம் பதறிக்கொண்டிருந்தால், பிடரியிலிருந்து தோள்வரை படர்ந்த சரிவகத் தசையின் சில நார்கள் ஓயாமல் உழைக்கக்கூடும். முழுத் தசையும் களைக்காததால் அது நமக்குத் தெரிவதில்லை. இறுகிய நார்களுக்கு இடையே நுண்குருதிக்கலன்கள் நெரிபட்டு, ஒட்சிசன் குறைந்து, அனுசேபக் கழிவுகள் தேங்குவதால் நோவுணர் நரம்புமுனைகள் மிகையாகத் தூண்டப்படுகின்றன என்பது ஆய்வாளர் பலர் முன்வைக்கும் விளக்கம். நோவு மாதக்கணக்கில் நீடித்தால் முதுகெலும்பினுள் ஓடும் முண்ணாணும் மூளையும் சிறு தூண்டலையே பெரிதாக உணரத் தொடங்கக்கூடும். பிறகு நோவே கவலைக்குக் காரணமாகிறது.

தசையை வேண்டுமென்றே இறுக்கி, பின்னர் மெல்லத் தளரவிடும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்தார். போரின் உளத்தாக்கம் உடல்நோவாக வெளிப்படுவதை எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இத்தகைய பயிற்சியின் இடத்தில் நம்மிடையே ஏற்கெனவே வழங்கும், மல்லாந்து படுத்து உடலைத் தளரவிடும் சாந்தி ஆசனத்தைப் பரிந்துரைத்தார். புதிய மருத்துவச் சொற்களைவிட அது முதியவர்களுக்கு எளிது என்றே எனக்கும் படுகிறது.

எல்லா நோவையும் மனத்தின் தலையில் கட்டுவதும் தவறே. உடம்பில் செல் (எறிகணை) துண்டோடு வாழ்பவருக்குக் காயமும் கவலையும் சேர்ந்தே வலி தரலாம். நெஞ்சு இறுக்கம் இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், பயிற்சி எதையும் செய்துகொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.