இன்னோவேஷன்னா புத்தாக்கம், சரி. எவ்வளவு புதுசு?

குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரில கலர் சார்ட்டர் மெஷின் (நிறத்தைப் பாத்து டீத்தூளைத் தரம் பிரிக்கறது) வாங்கி வெச்சா போதும், உடனே "புரட்சிகரமான கண்டுபிடிப்பு"ன்னு நோட்டீஸ் அடிச்சிடுவாங்க. மெஷின் நல்ல மெஷின்தான், ஆனா அதை இவங்க கண்டுபிடிக்கல, புரட்சியும் நடக்கல. இதைச் சொல்லத்தான் இன்னோவேஷன்னு ஒரு சொல்லும் அதுக்குள்ள சில வகையும் இருக்கு.

சொல் லத்தீன்ல இருந்து வந்தது, உள்ள இருக்கற "நோவுஸ்"னா புதுசு. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல இது கிட்டத்தட்ட வசவு, வழிபாட்டு முறையில கை வைக்கறவங்களைத் திட்டறதுக்கு வெச்சிருந்தாங்க. பின்னாடி ஷூம்பீட்டர்னு ஒரு பொருளாதார அறிஞர் வந்து, ஒண்ணைக் கண்டுபிடிக்கறது வேற, அதைத் தொழில்ல இறக்கிப் பலன் பாக்கறது வேறன்னு பிரிச்சார், ரெண்டாவதுதான் இன்னோவேஷன். அதனாலதான் "கண்டுபிடிப்பு"ங்கற சொல் இதுக்குப் பொருந்தாது, புத்தாக்கம்தான் சரி. புதுமை + ஆக்கம். ஆக்கம்னா உண்டாக்கறது, செல்வம்னும் பொருள் இருக்கு, ஷூம்பீட்டர் கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

இப்ப அளவுக்கு வருவோம். நம்ம நீலகிரி மலை ரயிலையே எடுத்துக்கங்க. கல்லாறு தாண்டுனதும் 12.5 அடிக்கு 1 அடி ஏத்தம், சாதா சக்கரம் வழுக்கிடும், அதனால தண்டவாளத்துக்கு நடுவுல பல்சட்டம், இன்ஜினுக்கு அடியில பல்சக்கரம். சுவிட்சர்லாந்துல ரிகி மலைக்கு 1871லயே பல்சட்ட ரயில் ஓடிச்சு, ஆனா அங்க இருந்தது ஏணி மாதிரி ஒரே சட்டம். ஆப்ட்ங்கற இன்ஜினியர் 1882ல பேடன்ட் வாங்கின முறையில பல் வெட்டின சட்டங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பல்லு ஒண்ணுக்கொண்ணு தள்ளி நிக்கற மாதிரி பண்ணிட்டார், ஒரு பல்லு விடறப்ப இன்னொண்ணு பிடிச்சிருக்கும், குலுக்கலும் கம்மி. ஏற்கனவே இருந்ததை மேம்படுத்தினது, இன்க்ரிமென்டல், தமிழ்ல படிப்படிப் புத்தாக்கம். இன்ஜின்ல நிலக்கரிக்குப் பதிலா எண்ணெய் எரிச்சதும் இதே கணக்குதான்.

ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து மாட்டுவண்டி, குதிரைவண்டின்னு மலை ஏறிட்டிருந்தவங்களுக்கு 1899ல குன்னூர் வரைக்கும் ரயில் வந்தது படிப்படியாவா தெரிஞ்சிருக்கும்? இதனாலதான் புத்தாக்கத்தை அளக்கறதுக்கு நாடுகள் வெச்சிருக்கற வழிகாட்டியான ஓஸ்லோ கையேடு, நிறுவனத்துக்குப் புதுசா, சந்தைக்குப் புதுசா, உலகத்துக்கே புதுசான்னு பிரிச்சுக் கேக்குது. நம்ம கலர் சார்ட்டர் முதல் வகையோட நின்னுடும்.

படிப்படிக்கு எதிர் முனை ரேடிகல், அதை "தீவிரப் புத்தாக்கம்"னு எழுதறாங்க, எனக்குப் பிடிக்கல, தீவிரவாதம் மாதிரி காதுல விழுது. அந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீன்ல வேர், நாமளும் "அடியோட மாத்திட்டான்"னு சொல்றோமே, அதனால அடியோட்டப் புத்தாக்கம்னு ஏதோ கட்டாம அடிப்படைப் புத்தாக்கம்னே வெச்சுக்கலாம். இலையைச் சுருட்டியே டீ பண்ணிட்டிருந்த இடத்துல, 1930கள்ல அசாம்ல வந்த சிடிசி (க்ரஷ், டேர், கர்ல்) மெஷின் வேற வேற வேகத்துல சுத்தற ரெண்டு பல் உருளைக்கு நடுவுல இலையை விட்டு நசுக்கி, கிழிச்சு, குருணையாக்கிடுச்சு, டீயோட உருவமே மாறிப்போச்சு.

நடுவுல ஒண்ணு உண்டு, 1990ல ஹெண்டர்சன், கிளார்க்னு ரெண்டு ஆய்வாளர்கள் சொன்னது: உறுப்பெல்லாம் பழசு, சேர்க்கை புதுசு, கட்டமைப்புப் புத்தாக்கம். கத்தரியோட ஒரு பையைச் சேர்த்து கொழுந்து வெட்டறாங்களே, வெட்டின இலை நேரா பைக்குள்ள விழும், அதைக் கிட்டத்தட்ட இதுல சேர்க்கலாம். டிஸ்ரப்டிவ் இன்னோவேஷன்னு சொல்றாங்களே, அது புதுமையோட அளவே இல்ல, சந்தையில யாரைக் கவுத்துதுங்கற கணக்கு, அதை இந்த வரிசையில சேர்க்காதீங்க.