215 கிலோ டிரம் 215 டன் ஆவது எப்படி?

ஒரு டிரம் மாங்கூழ் 215 கிலோ. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் பில் போட்டவர்களுக்கு இது மனப்பாடம். அதே டிரம்மின் எடையை ஜெர்மனியிலிருந்து வாங்குபவர் மூன்று தசம இடங்களோடு தன் எக்சல் தாளில் எழுதி, அதை சிஎஸ்வி பைலாக (எண்களையும் வெறும் எழுத்தாகவே வைத்திருக்கும் எளிய பைல்) அனுப்பினால் 215,000 என்று வரும். அவர் ஊரில் கமாதான் தசமக் குறி. நம் அலுவலகக் கணினி அதை இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் என்று படிக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. அந்தத் தாளை அப்படியே இணையதள அட்டவணையில் ஏற்றினால், ஒரு டிரம் 215 டன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

ஏற்றுமதியாளர்களுக்கு இணையதளம் அமைத்துப் பராமரிப்பது என் தொழில். மாம்பழப் பருவம் தொடங்கியதும் விலைப்பட்டியல், தரப்பட்டியல், இருப்புப் பட்டியல் எல்லாம் எக்சலிலும் சிஎஸ்வியிலும் வந்து குவியும். அவற்றை ஏற்றும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை தட்டச்சுப் பிழைகள் அல்ல. எண்ணை எழுதியவர் ஒரு நாட்டு வழக்கில் எழுதியிருப்பார். படிக்கும் மென்பொருள் இன்னொரு நாட்டு வழக்கில் படிக்கும்.

நாம் 12,34,567.50 என்று எழுதுகிறோம். அமெரிக்கர் 1,234,567.50 என்பார். ஜெர்மானியரும் நெதர்லாந்துக்காரரும் 1.234.567,50 என்று எழுதுவார்கள். பிரெஞ்சுக்காரர் ஆயிரங்களை இடைவெளி விட்டுப் பிரிப்பார். அதுவும் பெரும்பாலும் நாம் விசைப்பலகையில் தட்டும் சாதாரண இடைவெளியாக இருக்காது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு குறி. 'இடைவெளியை நீக்கு' என்று கட்டளை கொடுத்தும் போகவில்லையே என்று பலர் திணறுவது அதனால்தான். சுவிட்சர்லாந்தில் மேற்கோள் குறி போன்ற ஒன்றை இடையில் போடுவார்கள். இவற்றில் எதுவும் தவறு இல்லை. தசமக் குறி புள்ளியாகவும் இருக்கலாம், கமாவாகவும் இருக்கலாம் என்று 2003-இல் கூடிய எடை, அளவைகளுக்கான சர்வதேச மாநாடே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஒரு வரியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஐரோப்பியக் கணினியிலிருந்து சிஎஸ்வி பைலாக வந்த வரி இது:

தோத்தாபுரி;14,5;1.150

ரகம், பிரிக்ஸ் அளவு (கூழில் உள்ள சர்க்கரையைக் காட்டும் எண்), டன் விலை. அங்கே கமா தசமத்துக்குப் போய்விட்டதால், கட்டங்களைப் பிரிக்க அரைப்புள்ளி வருகிறது. கமாவைக் கண்டால் பிரி என்று அமைத்திருக்கும் நிரல் இதை 'தோத்தாபுரி;14' என்றும் '5;1.150' என்றும் இரண்டாக வெட்டிவிடும். இது நல்ல பிழை. அட்டவணையே கோணலாக நிற்பதால் உடனே தெரிந்துவிடும். அரைப்புள்ளியில் பிரிக்கச் சொல்லிச் சரிசெய்த பிறகு, கமாக்களை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றும் நிரல் 14,5-ஐ 145 ஆக்கும். 145 பிரிக்ஸ் கூழ் உலகத்திலேயே கிடையாது. ஆலைக்காரர் பார்த்ததும் சொல்லிவிடுவார். மூன்றாவது எண்தான் ஆபத்தானது. ஆயிரத்து நூற்றைம்பது டாலர் 1.15 டாலர் ஆகிவிடும். சுத்தமான எண், சரியான கட்டம், அழகான அட்டவணை. விலை மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு. பக்கத்து வரியில் 985 என்று இருந்தால் அது 985 ஆகவே வந்துசேரும். பட்டியலில் பாதி சரி, பாதி தவறு. இப்படிக் கலந்து வருவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். நாம் 14.5 என்று அனுப்பும் சிஎஸ்வியை ஜெர்மன் கணினியில் எக்சல் நேரடியாகத் திறந்தால், அது மே 14 என்ற தேதியாக மாறிவிடும். அவர்கள் தேதியை அப்படித்தான் புள்ளி வைத்து எழுதுவார்கள்.

நம் லட்சக் கமாவும் இணையதளத்தில் சிக்கல் தரும். இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில், எழுத்தை எண்ணாக மாற்றும் 'பார்ஸ்ஃபுளோட்' கட்டளையிடம் 1,25,000 என்று கொடுத்தால் முதல் கமாவிலேயே நின்று 1 என்று சொல்லும். எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டால், சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தும்போது 1,25,000 முதலிலும் 98,000 அதற்குப் பின்னாலும் வரும்.

ஆகவே எண்ணைப் பார்த்து ஊகிக்கும் வேலையை மென்பொருளிடம் விடாதீர்கள். 1.150 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்த நாட்டு எண் என்று யாராலும் சொல்ல முடியாது. அனுப்பியவரிடம் கேளுங்கள். கூடுமானவரை சிஎஸ்விக்குப் பதிலாக எக்சல் பைலையே வாங்குங்கள். எக்சல் பைலுக்குள் எண் எந்த நாட்டிலும் ஒரே முறையில் பதிவாகிறது. கமாவும் புள்ளியும் திரையில் காட்டும்போது மட்டும் மாறுகின்றன. சிஎஸ்வியோ திரையில் தெரிவதையே எழுதி வைக்கும்: கட்டத்தில் உள்ளது 14.46, தெரிவது 14.5 என்றால் பைலில் 14.5தான் இருக்கும்.

சிஎஸ்விதான் கிடைக்கும் என்றால் அதை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்சலின் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்த நெடுவரிசை எந்த நாட்டு வழக்கு என்று நீங்களே சொல்லுங்கள். எழுத்தாக வந்துவிட்ட எண்களுக்கு 'நம்பர்வேல்யூ' என்ற சூத்திரம் இருக்கிறது. தசமக் குறி எது, ஆயிரக் குறி எது என்று இரண்டையும் அதில் கொடுக்கலாம். கூகுள் ஷீட்ஸில் பைலின் அமைப்புகளுக்குள் நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்றி முடித்ததும் மூல பைலின் கூட்டுத்தொகையையும் இணையதள அட்டவணையின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். மிகப் பெரிய எண், மிகச் சிறிய எண் இரண்டையும் கண்ணால் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆயிரம் மடங்குப் பிழை அதற்குத் தப்புவது அரிது.

இன்னொன்று, எண்போல் தெரிவதெல்லாம் எண் அல்ல. மாம்பழத்தின் சுங்கக் குறியீடு 0804 என்றும், ஓசூர் ரோஜா சேரும் கொய்மலர்களின் குறியீடு 0603 என்றும் தொடங்கும். எக்சல் முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். விவசாயிகள் பட்டியலில் 12/3 என்ற சர்வே எண் மார்ச் 12 ஆகிவிடும். இப்படித் தேதியாக மாறித் தொல்லை தந்ததால் சில மனித மரபணுக்களின் குறியீடுகளையே 2020 வாக்கில் மாற்ற வேண்டியதாயிற்று. சர்வே எண்ணை நாம் மாற்ற முடியாது. அந்த நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வகை என்று குறித்துவிட வேண்டும்.

தரவுத்தளத்தில் 125000 என்று கமா இல்லாமல் வையுங்கள். பக்கம் திறக்கும்போது கிருஷ்ணகிரிக்காரருக்கு 1,25,000 என்றும் ஹாம்பர்க்காரருக்கு 125.000 என்றும் காட்டும் வசதி இன்றைய உலாவிகளிலேயே இருக்கிறது. எல்லோரும் ஒரே பக்கத்தைத்தான் பார்ப்பார்கள் என்றால் ஆயிரத்தை இடைவெளியால் பிரித்து 125 000 என்று போடுங்கள். எந்த நாட்டவரும் அதைத் தசமம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். டாலரா யூரோவா, கிலோவா டன்னா என்பதைக் கட்டத்துக்குள் எண்ணோடு ஒட்டாமல் நெடுவரிசையின் தலைப்பில் எழுதுங்கள்.