பதினொரு மாத வேலை ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன்: எளமரம் கரீம் எதிர்த்தது எதை?

2020 செப்டம்பர் 23 அன்று மாநிலங்களவையில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு (முதலாளி, தொழிலாளி உறவை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம்) நிறைவேறியபோது, பெரும்பாலான எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. அதைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்துவந்த எளமரம் கரீம் அவைக்குள் நுழையவே முடியாத நிலை. வேளாண் மசோதாக்கள் மீதான அமளிக்காக இரண்டு நாள் முன்புதான் அவரையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்திருந்தார்கள். அவர் கேரளத்தின் முன்னாள் தொழில்துறை அமைச்சர், சிஐடியு தொழிற்சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். குறித்த கால வேலை, அதாவது இத்தனை மாதம் என்று முன்பே காலம் குறித்து ஒப்பந்தம் போட்டு ஆளெடுப்பது, நிரந்தர வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஆக்கிவிடும் என்பதுதான் அவரும் அவர் சங்கமும் வைத்த வாதம்.

நான் எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராகச் சொல்கிறேன், அந்த வாதம் சரியானது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறித்த கால வேலை புதிதல்ல. 2003இல் வாஜ்பாய் அரசு கொண்டுவந்தது, 2007இல் மன்மோகன் சிங் அரசு எடுத்துவிட்டது. 2016இல் ஆயத்த ஆடைத் துறைக்கு மட்டும் திரும்ப வந்தது, 2018இல் எல்லாத் துறைக்கும் விரிந்தது. இப்போது சட்டத்திலேயே இடம்பிடித்துவிட்டது. நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைக்கும் அதே சம்பளம், அதே வேலை நேரம், ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று அரசு சொல்கிறது. எல்லாம் உண்மைதான். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் என்ன பிரச்சினை? நிரந்தரத் தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும், ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். குறித்த கால ஒப்பந்தம் முடிந்து ஒருவர் வெளியே போனால் அது ஆட்குறைப்பே அல்ல என்கிறது சட்டம். சரி, எத்தனை முறை புதுப்பிக்கலாம்? குறைந்தபட்சக் காலம் எவ்வளவு? இரண்டுக்கும் சட்டத்தில் வரம்பே இல்லை. நம் பின்னலாடைக்குப் போட்டியாக நிற்கும் நாடுகளைப் பாருங்கள். சீனாவில் அடுத்தடுத்து இரண்டு குறித்த கால ஒப்பந்தம் முடித்தவர் காலவரம்பற்ற ஒப்பந்தம் கேட்கலாம். வியட்நாமில் ஓர் ஒப்பந்தம் 36 மாதத்தைத் தாண்டக்கூடாது, புதுப்பிப்பதும் ஒரே ஒரு முறைதான். அங்கெல்லாம் ஏற்றுமதி நின்றுவிடவில்லை.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பனியன் கம்பெனி ஒன்றில் பவர் டேபிள் (மின் தையல் மிஷின்) ஓட்டியவர். கையில் நான்கு வேலை ஆர்டர்கள். ஒவ்வொன்றும் பதினொரு மாதம், நடுவில் சில நாள் பிரேக். அதே மிஷின், அதே சூப்பர்வைசர், அதே பிஎஃப் எண். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் ஏன் வரவில்லை என்று கேட்டார். ஐந்தாவது ஆர்டர் வரவில்லை. குற்றச்சாட்டு மெமோ இல்லை, விசாரணை இல்லை, வேலைநீக்க உத்தரவும் இல்லை. கோப்பில் இருந்ததெல்லாம் 'ஒப்பந்தக் காலம் முடிவடைந்தது' என்ற ஒரு வரிதான். கேள்வி கேட்டதற்காக அனுப்பினார்கள் என்று நிரூபிக்க என்ன ஆதாரம் காட்டுவது? அவரோடு வேலை செய்த மற்றவர்களும் அதற்குப் பிறகு ஓவர்டைம் பற்றி வாயே திறக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் போவது வேலை மட்டுமல்ல, கேட்கும் தைரியமும்தான்.

அந்தப் பதினொரு மாதத்தைக் கவனித்தீர்களா? ஒப்பந்தத்தின் கீழ் ஓராண்டு வேலை செய்தால் கிராஜுவிட்டி. ஓராண்டுக்கு ஒரு மாதம் முன்பே ஒப்பந்தம் முடிந்துவிட்டால்? சட்டம் கொடுக்கும் சலுகையை ஒப்பந்தத்தின் நீளத்தை வைத்தே பறித்துவிடலாம்.

சீசன் ஆர்டருக்கு ஆள் கூட்டும் முதலாளியின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று மாத வேலைக்கு மூன்று மாத ஒப்பந்தம் போடட்டும். ஆண்டு முழுக்க ஓடும் லைனுக்கு ஆண்டுக்கணக்கில் அதே ஆளைத் தற்காலிகமாக வைத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் தமிழ்நாட்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ச்சியாக வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். புதிய தொகுப்பு ரத்து செய்த சட்டங்களின் பட்டியலில் இது இல்லை. மத்தியச் சட்டத்தோடு மோதுகிறது என்று நிர்வாகங்கள் வாதிடும், அந்தச் சண்டையை நீதிமன்றத்தில்தான் போட வேண்டியிருக்கும். நிரந்தர உரிமையைத் தராமல் இருப்பதற்காகவே ஒருவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது புதிய சட்டத்திலும் முறையற்ற தொழிலாளர் நடைமுறைதான். கர்ப்பிணிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஒப்பந்தம் முடிந்தாலும் பேறுகாலப் பலன் தொடரும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தது என்று எச்ஆர் சொன்னால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

அதனால் ஒவ்வோர் ஆர்டரையும் கையெழுத்துப் போட்ட அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். சம்பள சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிஎஃப் பாஸ்புக்கை அவ்வப்போது இறக்கி வையுங்கள். நடுவில் விட்ட பிரேக் எத்தனை நாள், யார் சொல்லி வீட்டில் இருந்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வைப்பது நல்லது, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் இன்னும் நல்லது. நான் சொன்ன அந்தப் பெண்ணின் வேலை தொடர்ச்சியானது என்பதைக் காட்ட எங்களுக்கு உதவியதும் பிஎஃப் கணக்குதான். வெளியே அனுப்பினால், அடுத்த ஆர்டர் வரும் என்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். தனிநபர் வேலைநீக்கத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது சமரச அலுவலரிடம் (தகராறைப் பேசித் தீர்க்கும் அரசு அதிகாரி) போகவே இரண்டு ஆண்டுதான்.